“உங்க ஓட்டு போட்டாச்சும்மா”: ஒரு டெண்டர் ஓட்டின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளுக்கும் ஏப்ரல் 19 அன்று ஒரே கட்டமாக வாக்குப்பதிவு நடந்தது. நேரம் காலை 7 முதல் மாலை 6 வரை. அன்று ஒரு வாக்குச்சாவடியில் நான் தலைமை அலுவலராக இருந்தேன். ஆசிரியப் பணியில் இருப்பதால் தேர்தல் வேலை எனக்குப் புதிதல்ல. அது நான்காவது தேர்தல், தலைமை அலுவலராக இரண்டாவது. ஒருவர் பெயரில் ஏற்கெனவே ஓட்டு பதிவாகியிருந்தால், இயந்திரத்துக்குப் பதிலாக அவருக்குத் தாளில் தருவதுதான் டெண்டர் ஓட்டு. அதற்கு முன் அதைப் பயிற்சி வகுப்பில் கேட்டிருக்கிறேனே தவிர, கொடுத்ததில்லை.

ஆட்களையோ சாவடியையோ அடையாளம் காட்டும் எதையும் இங்கே எழுதவில்லை. வரிசை எண்களையும் மாற்றியிருக்கிறேன். சிக்கலில் வரும் இரண்டு வரிசை எண்களுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் மூன்று என்பதை மட்டும் மாற்றவில்லை. அதில்தான் விஷயமே இருக்கிறது.

சாவடிக்குள் வேலை நடக்கும் விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் தவறு நுழைந்த இடம் புரியும். முதல் வாக்குப்பதிவு அலுவலரிடம் ‘மார்க்டு காப்பி’ என்று நாங்கள் சொல்லும் வாக்காளர் பட்டியல் இருக்கும். அவர் அடையாள அட்டையைப் பார்த்து, பெயரையும் வரிசை எண்ணையும் முகவர்கள் காதில் விழும்படி வாசித்து, பட்டியலில் அந்தக் கட்டத்தின் குறுக்கே கோடு இழுப்பார். பெண் வாக்காளர் என்றால் வரிசை எண்ணைச் சுற்றி வட்டமும் போடுவார். இரண்டாமவர் இடது ஆட்காட்டி விரலில் மை வைத்து, ஓட்டுப் போட வருபவர்களை வரிசையாகப் பதியும் 17ஏ பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, ஒரு சீட்டு தருவார். மூன்றாமவர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு கன்ட்ரோல் யூனிட்டில் பொத்தானை அழுத்தினால்தான் உள்ளே இருக்கும் இயந்திரம் ஓட்டை ஏற்கும். இரண்டாவது மேசையும் மூன்றாவது மேசையும் முதல் மேசை சொன்ன எண்ணை அப்படியே நம்பி நகர்கின்றன. அங்கே எண் பிசகினால் அதைப் பிடிக்க அடுத்து யாரும் இல்லை.

காலை: பிசகு நடந்த வேளை

ஐந்தரை மணிக்கு மாதிரி வாக்குப்பதிவு ஒழுங்காக முடிந்தது. ஏழு மணிக்கே வரிசை வராந்தாவைத் தாண்டியிருந்தது. எட்டு நாற்பதுக்குக் கன்ட்ரோல் யூனிட் திரையில் ‘லிங்க் எரர்’ என்று வந்தது. கேபிளைக் கழற்றி மாட்டிச் சரிசெய்ய ஒன்பது நிமிடம் ஆனது. வெளியே முணுமுணுப்பு எழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் உயர்ந்தது. மறுபடி தொடங்கியதும் முதல் அலுவலரிடம், “சார், கொஞ்சம் வேகமா விடுங்க” என்று சொன்னது நான்தான். இதைத் தலைமை அலுவலருக்கான நாட்குறிப்பில் நான் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன்.

அதே நேரத்தில் இரண்டு கட்சிகளின் முகவர்கள் மாற்று ஆளை உட்காரவைத்துவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்தவர்கள் பட்டியலைப் பிரித்துப் பக்கம் தேடுவதற்குள் பத்துப் பதினைந்து பேர் ஓட்டுப் போட்டுப் போயிருப்பார்கள். பிற்பகலில் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் இந்த நேரங்களைச் சேர்த்துப் பார்த்தேன். சிக்கலுக்குரிய பதிவு 17ஏ-வில் 143-வது. ஒன்பது மணி அறிக்கையில் நான் கொடுத்த மொத்தம் 168. ஆக, இயந்திரம் நின்று மீண்டும் ஓடத் தொடங்கிய அந்தச் சில நிமிடங்களுக்குள் அது நடந்திருக்க வேண்டும்.

பிற்பகல் 3.10: திருப்பி அனுப்பப்பட்டவர்

எழுபதைக் கடந்த ஒரு மூதாட்டி வந்தார். சாவடியில் எல்லோரும் பாட்டி என்றே அழைத்ததால் நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். கையில் வாக்காளர் அட்டையும் வாக்காளர் தகவல் சீட்டும் இருந்தன. முதல் அலுவலர் பக்கத்தைப் புரட்டினார். 412-ஆம் கட்டத்தின் குறுக்கே கோடு. எண்ணைச் சுற்றி வட்டம்.

“உங்க ஓட்டு போட்டாச்சும்மா.”

“நான் இப்பதானே சாமி வர்றேன்?”

“லிஸ்ட்ல அடிச்சிருக்கு. காலையிலயே வந்துட்டுப் போயிருப்பீங்க, மறந்திருப்பீங்க. அடுத்த ஆளு வாங்க.”

பாட்டி இடது கையை நீட்டி விரலைக் காட்டியிருக்கிறார். முதல் அலுவலர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் மூன்று மணி அறிக்கைக்கான எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டிருந்தேன், நானும் பார்க்கவில்லை. பாட்டி வெளியே போய் வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றுவிட்டார். சண்டை போடவில்லை. தான் மறந்திருக்கலாமோ என்று அவருக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டதாகப் பிறகு பேரன் சொன்னார். இந்த முழு நிகழ்விலும் என்னை அதிகம் உறுத்துவது இதுதான். ஒரு பெண்மணியிடம் அவருடைய காலை நேரத்தைப் பற்றி நாங்கள் தப்பாகச் சொன்னோம். அவரும் அதை நம்பப் பார்த்தார்.

பதினொரு நிமிடம் கழித்துப் பேரன் அவரை அழைத்துக்கொண்டு வந்தார். அதே சாவடியில் அவர் ஏற்கெனவே ஓட்டுப் போட்டிருந்தார். வாசலில் நின்றபடியே, “சார், பாட்டி விரல்ல மை இல்ல, பாருங்க. 49பி-ல ஓட்டுப் போட விடணும். டெண்டர் ஓட்டு 14 சதவீதம் தாண்டினா ரீ-போலிங் வைக்கணும்னு ரூல் இருக்கு” என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி. தேர்தல் நடத்தை விதிகள் 1961-இல் 49பி (49P) என்ற விதி இருக்கிறது. 2018-இல் வந்த ஒரு படத்தின் புண்ணியத்தில் அந்த எண் ஊருக்கே தெரியும். ஆனால் 14 சதவீதக் கணக்கு ஒவ்வொரு தேர்தலிலும் வாட்ஸ்அப்பில் சுற்றும் வெறும் கதை. அப்படி ஒரு விதி இல்லை. அதே செய்தியில், பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் ஆதாரைக் காட்டி ‘சேலஞ்ச் ஓட்டு’ கேட்கலாம் என்றும் வரும். அதுவும் தவறு. சேலஞ்ச் என்பது வந்திருப்பவர் உண்மையான வாக்காளர் அல்ல என்று முகவர் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது. பட்டியலில் பெயரே இல்லாதவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நான் சரிபார்த்தவை

முதலில் விரல். இரண்டு கையையும் பார்த்தேன். மைசூரில் தயாராகும் அந்த மையில் வெள்ளி நைட்ரேட் இருக்கிறது. காலையில் வைத்த மை பிற்பகலுக்குள் தடயமில்லாமல் போகாது. நகக்கண்ணில் கறுப்பு ஏறி நிற்கும். பாட்டியின் நகக்கண்ணில் மஞ்சள் கறைதான் இருந்தது, மை இல்லை.

அடுத்து ஆள் அடையாளம். அட்டையில் உள்ள படம் அவருடையதுதான். வீட்டு எண், கணவர் பெயர், அதே வீட்டில் பட்டியலில் இருக்கும் மற்றவர்கள் பெயர் எல்லாம் கேட்டேன், தயங்காமல் சொன்னார். வராதவர், இடம் மாறியவர், இறந்தவர் என்று எங்களுக்குத் தரப்படும் தனிப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை.

பிறகு 17ஏ பதிவேடு. 143-வது வரியில் வாக்காளர் வரிசை எண் 412. எதிரே கைநாட்டு. பாட்டி கையெழுத்துப் போடுபவர். ஒரு தாளில் போட்டுக் காட்டச் சொன்னேன். எழுத்து நடுங்கினாலும் முழுப்பெயரை எழுதினார். ஆவண விவரத்துக்கான கட்டத்தில் ‘இபி’ என்று மட்டும் இருந்தது. வாக்காளர் அட்டையைக் காட்டி ஓட்டுப் போட்டால் அந்த இரண்டெழுத்தை எழுதினால் போதும் என்பது நடைமுறை. ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்ற மாற்று ஆவணம் என்றால் கடைசி நான்கு இலக்கங்களை எழுத வேண்டும். காலையில் வந்தவர் மாற்று ஆவணம் காட்டியிருந்தால் அது யார் என்று தேடிப் பிடிக்க நான்கு இலக்கங்களாவது கிடைத்திருக்கும். முறையான அட்டையோடு வந்ததால் எதுவும் கிடைக்கவில்லை.

கடைசியாக மார்க்டு காப்பியின் அந்தப் பக்கம். புகைப்படப் பட்டியலில் ஒரு பக்கத்துக்கு முப்பது கட்டங்கள். ஒரு வரிசைக்கு மூன்று வீதம் இடமிருந்து வலமாக எண் ஓடும். அதனால் 412-க்கு நேர் கீழே இருப்பது 413 இல்லை, 415. அந்தக் கட்டத்தில் இருந்தது பாட்டியின் பெயரையே கொண்ட இன்னொரு பெண்மணி. வயதும் கிட்டத்தட்ட அதேதான். கணவர் பெயரின் முதல் எழுத்துகூட ஒன்றுதான். அச்சில் படங்கள் இரண்டும் கறுப்பாக அப்பியிருந்தன. 415-இல் கோடு இல்லை.

அந்தப் பக்கத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு முகவர் தன் பட்டியலை நீட்டினார். அவர் காலையிலிருந்து இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அவருடைய தாளில் டிக் இருந்தது 415-இல். “அந்தம்மா காலையிலயே வந்துட்டுப் போயிட்டாங்க சார். எனக்குத் தெரிஞ்சவங்க. நீங்க நம்பர் வாசிச்சதை நான் கவனிக்கல, ஆளைப் பார்த்து டிக் போட்டேன்” என்றார்.

கள்ள ஓட்டு இல்லை, கோடு ஒரு கட்டம் மேலே ஏறிவிட்டது என்று எனக்கு ஏறக்குறைய உறுதியானது. முதல் அலுவலர் முகம் வெளிறிவிட்டது. அவர் என்னைவிட வயதில் மூத்தவர். முந்தைய இரவு சரியாகத் தூங்கியிருக்கவும் மாட்டார். சாவடியில் தங்கிய நாங்கள் யாருமே தூங்கவில்லை.

எடுத்த முடிவும் காரணமும்

சுலபமான வழி ஒன்று கண்ணெதிரே இருந்தது. 143-வது வரியில் 412-ஐ 415 என்று திருத்திவிட்டு, பாட்டிக்கு 412 என்று புதிய வரி போட்டு, இயந்திரத்திலேயே ஓட்டுப் போட விட்டுவிடலாம். மாலையில் 17ஏ மொத்தமும் கன்ட்ரோல் யூனிட் மொத்தமும் கச்சிதமாக ஒத்துப்போகும். வெளியே யாருக்கும் தெரியாது. ஒரு முகவர், “மெஷின்லயே விட்ருங்க சார், எங்களுக்கு ஆட்சேபணை இல்ல” என்றார். இன்னொருவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லாதவரை நான் கவனித்தேன்.

நான் அதைச் செய்யவில்லை. காலையில் கைநாட்டு வைத்தவர் என் முன்னால் இல்லை. அவர் 415-தான் என்பது என் ஊகமும் ஒரு முகவரின் டிக்கும் சொல்வது. ஊகம் தவறாகி உண்மையிலேயே யாராவது ஆள்மாறாட்டம் செய்திருந்தால், அதற்கான ஒரே தடயத்தை நானே அழித்தவன் ஆவேன். முகவர்கள் ஒத்துக்கொண்டால் பதிவேட்டைத் திருத்தலாம் என்று ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்ற பயமும் இருந்தது.

415-க்கு உரியவரை வண்டியில் போய் அழைத்து வருகிறேன் என்றார் டிக் போட்ட முகவர். மறுத்தேன். வாக்குப்பதிவு நாளில் கட்சி முகவரை அனுப்பி ஒரு வாக்காளரைச் சாவடிக்கு வரவழைக்கும் வேலை என்னுடையதல்ல.

மண்டல அலுவலரை அழைத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “17ஏ-ல கை வைக்காதீங்க சார். டெண்டர் குடுத்துட்டு, டைரியில எல்லாத்தையும் எழுதிடுங்க” என்றார். விதியும் அதையே சொல்கிறது. ஒரு வாக்காளர் பெயரில் வேறொருவர் ஏற்கெனவே ஓட்டுப் போட்டிருக்க, அதே வாக்காளர் என்று சொல்லி வருபவர் கேள்விகளுக்குத் திருப்தியாகப் பதில் சொன்னால், இயந்திரத்துக்குப் பதிலாக அவருக்கு ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு, அதாவது டெண்டர் ஓட்டுக்கான சீட்டு, தர வேண்டும். முதலில் ஓட்டு விழுந்தது ஏமாற்றாலா, எழுத்துப் பிழையாலா என்று விதி பிரித்துப் பார்க்கவில்லை.

இன்னொரு முன்னெச்சரிக்கையும் எடுத்தேன். 415 என்று யார் வந்தாலும் என்னிடம் அழைத்து வரச் சொன்னேன். ஆறு மணி வரை யாரும் வரவில்லை.

டெண்டர் ஓட்டு போட்ட விதம்

எங்களுக்குக் கொடுத்திருந்த 20 ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டுகளில் முதலாவதை எடுத்தேன். இயந்திரத்தில் ஒட்டியிருக்கும் அதே வாக்குச்சீட்டுதான், பின்புறம் குறிப்புடன் இருக்கும். டெண்டர் ஓட்டுகளைப் பதியும் 17பி (17B) படிவத்தில் பாட்டியின் பெயர், பட்டியல் வரிசை எண், அவர் பெயரில் ஏற்கெனவே பதிவானவரின் 17ஏ வரிசை எண் 143 ஆகியவற்றை எழுதிக் கையெழுத்து வாங்கினேன். விரலில் மை வைக்கப்பட்டது. அம்புக்குறி ரப்பர் முத்திரையையும் மைத்திண்டையும் பையில் தேடி எடுக்கவே நான்கு நிமிடம். பெட்டியோடு வந்த அந்த முத்திரையை அதுவரை யாரும் வெளியில் எடுத்திருக்கவில்லை.

பாட்டிக்கு முத்திரை கைப்பழக்கம். காகிதச்சீட்டுக் காலத்தில் பல தேர்தல்கள் பார்த்தவர். மறைவிடத்துக்குள் போய், குத்தி, மை ஒட்டாதபடி சரியாக நீளவாக்கில் மடித்துக் கொண்டுவந்தார். அவர் கண்ணெதிரே உறையில் போட்டேன். போகத் திரும்பியவர் நின்றார்.

“மிஷின்ல சத்தம் வரலியே தம்பி?”

“இது பேப்பர்ல போடுறதும்மா. சத்தம் வராது.”

“எண்ணும்போது இதையும் எண்ணுவாங்கல்ல?”

எண்ண மாட்டார்கள். வாக்கு எண்ணும் நாளில் அந்த உறை பிரிக்கப்படாது. தேர்தல் வழக்கு ஒன்று வந்து, நீதிமன்றம் கேட்டால்தான் திறப்பார்கள். இது எனக்குத் தெரியும். வாயில் வந்தது, “இதுவும் ஓட்டுதாம்மா, பத்திரமா இருக்கும்” என்பதுதான். இரண்டும் உண்மைதான், ஆனால் அவர் கேட்டது அதையல்ல. பக்கத்தில் நின்ற பேரன் என்னைப் பார்த்த பார்வையில் அவருக்குப் புரிந்துவிட்டது தெரிந்தது. வெளியே போய் அவர் பாட்டியிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

பின்னர் நடந்தவை

வாக்குப்பதிவு முடிந்ததும் சாவடியின் வாக்குக் கணக்கை எழுதும் 17சி படிவத்தில் ஆய்வுக்குரிய சீட்டு பெற்றது 20, கொடுத்தது 1, திருப்பியது 19 என்று எழுதி முகவர்களுக்கு நகல் கொடுத்தேன். 17பி-யும் அந்த ஒற்றைச் சீட்டும் தனி உறையில் முத்திரையிடப்பட்டன. 415-இல் கோடு இல்லாமலே பட்டியல் மூடப்பட்டது. என் ஊகத்துக்கு அது இன்னொரு ஆதாரம், நிரூபணம் அல்ல.

ஜூன் 4 அன்று முடிவு வந்தது. அந்தத் தொகுதியில் வித்தியாசம் மிகப் பெரியது. முடிவு வந்த 45 நாட்களுக்குள் தேர்தல் வழக்குப் போட வேண்டும், யாரும் போடவில்லை. உறை திறக்கப்படவில்லை.

வாக்குப்பதிவு நாள் மாலை எங்கள் குழுவில் ஒருவர், “ஒரு ஓட்டுதானே சார், விடுங்க” என்றார். 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் 62,216-க்கு 62,215 என்று ஒரே ஓட்டில் முடிவு மாறியது. அந்தத் தொகுதியின் டெண்டர் ஓட்டுகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நம் பக்கத்திலேயே 2016-இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49, 2021-இல் தியாகராய நகரில் 137. அப்படிப்பட்ட இடங்களில் அந்த உறைக்குள் இருப்பதற்கு விலை உண்டு. எங்கள் தொகுதியில் அப்படி இல்லை. அதனால் பாட்டியின் இழப்பு குறைந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஜூன் மாதம் முதல் அலுவலர் தொலைபேசியில் அழைத்தார். வேறு ஏதோ பேசிவிட்டு, “அந்தக் கவரைப் பிரிச்சிருப்பாங்களா சார்?” என்று கேட்டார். இல்லை என்றேன். சற்று நேரம் பேசவில்லை. அவர் மேல் மட்டும் இந்தத் தவறைச் சுமத்த எனக்கு மனமில்லை. வேகமாக விடச் சொன்னவன் நான்.

மாற்ற வேண்டியவை

டெண்டர் கொடுத்த முடிவை மறுபடி எடுக்க நேர்ந்தாலும் அதையே எடுப்பேன். என்னைவிட அனுபவமுள்ள ஒரு நண்பர், எழுத்துப் பிழை என்று உறுதியானால் தலைமை அலுவலரே திருத்தலாம் என்று வாதாடினார். எனக்கு அந்த உறுதி கிடைக்கவில்லை.

மாற வேண்டியது அதற்கு முன்பும் பின்பும் நடந்தவை. கோடு இழுக்கும் முன் கட்டத்தின் அடியில் ஓர் அடிக்கோலை வைத்தால் போதும். மேல் கட்டமும் கீழ் கட்டமும் கலக்காது. பயிற்சியில் இதைச் சொல்லித் தருவதில்லை. அடுத்த முறை என் பையில் இரண்டு அடிக்கோல்கள் இருக்கும். ஒரே பெயர் அருகருகே வரும் இடங்களை முந்தைய மாலையே பட்டியலைப் புரட்டிப் பார்த்து, தனித்தாளில் குறித்து முதல் மேசையில் வைத்துவிடலாம். ஆயிரத்துச் சொச்சம் பேர் உள்ள சாவடிக்கு அது முக்கால் மணி நேர வேலை. இயந்திரம் நின்று மீண்டும் ஓடத் தொடங்கும்போது வேகம் கூட்டச் சொல்வதற்குப் பதில், முகவர்கள் எல்லோரும் சரியான பக்கத்தைப் பிரித்துவிட்டார்களா என்று கேட்டுவிட்டுத் தொடங்குவேன்.

“ஓட்டு போட்டாச்சு” என்று சொல்லும் அதிகாரம் முதல் மேசைக்கு இல்லை. ஏற்கெனவே கோடு இருந்தால் வாக்காளரை நாற்காலியில் உட்காரவைத்து, விரலைப் பார்த்து, தலைமை அலுவலரைக் கூப்பிட வேண்டும். காலையில் குழுவை உட்காரவைத்து இதைச் சொல்லியிருந்தால் அந்தப் பதினொரு நிமிடம் தூணில் சாய்ந்து நிற்கும்படி ஆகியிருக்காது.

சீட்டைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டியதையும் எழுதிவைத்திருக்கிறேன். அடுத்த பணிக்கு வரும் குழுவிடம் கொடுக்கப்போகும் தாளில் அது இப்படி இருக்கிறது: “அம்மா, தப்பு எங்க பக்கம் நடந்திருக்கலாம். உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு ஓட்டு விழுந்திருக்கு. அதனால மெஷின்ல உங்களுக்கு விட முடியாது. இந்தச் சீட்டுல போடலாம். ஆனா எண்ணுற அன்னிக்கு இதை எண்ண மாட்டாங்க. கேஸ் நடந்து, கோர்ட் கேட்டா மட்டும்தான் பிரிப்பாங்க. நீங்க வந்தீங்க, உங்க ஓட்டை நீங்க போடலைங்கறதுக்கு இதுதான் ரெக்கார்டு. போடுறீங்களா?”